மானுக்குக் கட்டிய வலை

மினி லாரியிலிருந்து வலையை இறக்கிப் போட்டதுமே சந்தனச்செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, கடலையே வாரிட்டு வந்திட்டியளா?"

"கடலுல கெடந்தது பின்ன மல்லியப்பூ மாதிரியா மணக்கும்? நாலு வெயிலு பட்டா சரியாப் போவும்" என்றார் லிங்கராஜ்.

லிங்கராஜுக்குத் தூத்துக்குடியில் ஹார்டுவேர் கடை. ஆணி, கயிறு, பெயின்ட், தண்ணீர் மோட்டார் என்று அங்கே இல்லாத சாமான் இல்லை. அதனால் அவருக்கு ஒரு நம்பிக்கை. உலகத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்கான சாமான் தன் கடையில் ஏதாவது ஒரு அலமாரியில் இருக்கிறது என்று நினைப்பார். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பிறகுதான் மான் வந்தது.

வீடு பாஞ்சாலங்குறிச்சியைத் தாண்டி, உடைமரக் காட்டை ஒட்டி இருக்கிறது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கட்டி, வாழ்ந்து, கடைசிக் காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது விற்ற பழைய வீடு. லிங்கராஜ் அதை வாங்கியது செல்விக்காக. மகள் ரம்யா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் டவுன் வீட்டில் செல்வி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். டிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் "கொஞ்சம் மண்ணு இருந்தா நல்லாருக்கும்" என்றாள். இரண்டே மாதத்தில் மனிதர் ஒரு வீட்டையே மண்ணோடு வாங்கிவிட்டார். பெண்டாட்டிதாசன் என்று மார்க்கெட்டில் கிண்டல் செய்தார்கள். அவர் கோபப்படவில்லை, உண்மைதானே.

வீட்டுக்குப் பின்னால் ஐம்பதடி நீளத்துக்குத் தோட்டம். அகத்தி, முருங்கை, வெண்டை, தண்டங்கீரை, கடைசியில் ஒரு எலுமிச்சை. முதல் வெண்டைக்காயைப் பறித்த அன்று செல்வி அதை ஆறு கோணத்தில் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினாள். பழையபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை இனி விட்டுவிடக் கூடாது என்பதுதான் லிங்கராஜின் ஒரே கவலை.

புள்ளிமான் பார்க்க அழகுதான். விடிவதற்கு முன்னால் ஐந்தாறாக வந்து, அகத்தியை மொட்டையடித்துவிட்டு, வெண்டைப் பிஞ்சை ஒன்றுவிடாமல் மேய்ந்துவிட்டுப் போனால் அந்த அழகை யார் ரசிப்பது? கல்லை விட்டெறிந்தால் வனத்துறை கேஸ். சலூனிலிருந்து மூட்டை நிறைய முடி வாங்கிவந்து தூவினார்கள். வரப்போரம் பீர் பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினால் மிரளும் என்று ஒருவர் சொன்னார். மான்கள் சேலையை விலக்கிக்கொண்டு ஜவுளிக்கடைக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தன. அழுகிய முட்டையைக் கரைத்துத் தெளித்ததில் லிங்கராஜ்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மான் சாப்பிட்டது. செல்வி மொட்டை அகத்தியின் அடியில் உட்கார்ந்து அழுதபோது அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் டிக்சன் சொன்னான். மணப்பாட்டில் வள்ளம் வைத்து ஆட்களோடு தொழில் செய்கிற சம்மாட்டி அவன். கயிறும் பெயின்ட்டும் லிங்கராஜ் கடையில்தான் வாங்குவான். "பழைய கரைவலை கட்டுங்க அண்ணாச்சி, கரையில நின்னு இழுக்குத வலை. கொம்பு மாட்டுனா பொறவு அந்தப் பக்கமே வராது. கொட்டகைக்குப் பின்னால குவிச்சுக் கெடக்கு, வேண்டியத எடுத்துக்கிடுங்க" என்று போனில் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான்.

லிங்கராஜ் மினி லாரியோடு போய்ப் பார்த்தார். குவியலில் கிடந்ததெல்லாம் கந்தல். சுவரோரம் தனியாக ஒரு வலை, பச்சை நிறம், கிழிசல் இல்லாமல் மடித்துக் கட்டிக் கிடந்தது. அதன்மேல் காய்ந்த தென்னங்குருத்தில் பின்னிய சிலுவை ஒன்று. அடுத்தவர் சாமி காலில் மிதிபட்டுவிடக் கூடாது என்று அதைப் பக்குவமாக எடுத்துச் சுவர் இடுக்கில் செருகினார். வலையை வண்டியில் ஏற்றினார். கந்தலும் நல்லதும் ஒன்றாகக் கிடந்தால் நல்லதை எடுப்பதுதான் வியாபாரிக்கு அழகு. அவர் செய்த தப்பு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சவுக்குக் கம்புகளை நட்டு வலையைக் கட்டினார்கள். வீட்டின் பின்சுவரில் ஒரு மூலைக் கொக்கியில் தொடங்கி, எலுமிச்சைக்கு அந்தப்புறமாக வளைத்து, மறுமூலைக் கொக்கியில் கொண்டுவந்து முடித்தார்கள். செல்வி தோட்டத்துக்குள் நின்று வலை நுனியை நீட்டினாள். லிங்கராஜ் பின்வாசல் படியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டார்.

முடிச்சு இறுகியதும் காற்று சட்டென்று நின்றது. அகத்தி இலைகூட ஆடவில்லை.

"மழை வருமோ?" என்றாள் செல்வி.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மறுநாள் காலையில் தோட்டத்தில் ஒரு இலை குறையவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். செல்விக்குத் தலைகால் புரியவில்லை. லிங்கராஜ் காபி டம்ளரோடு பின்வாசலில் நின்று, வலைக்கு வெளியே உடைமரங்களின் ஓரத்தில் வரிசையாக நின்ற மான்களைப் பார்த்தார். "பாச்சா பலிக்கலையா?" என்று அவற்றிடமே கேட்டார்.

மான்கள் ஓடவில்லை. மேயவும் இல்லை. ஆறு தலையும் அவரையே பார்த்தன. மனிதருக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

தலைகள் திரும்பவில்லை. அவை அவரைப் பார்க்கவில்லை. அவர் நின்றிருந்த பின்வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

புதன்கிழமை செல்வி ஒரு விஷயம் சொன்னாள்.

"மத்தியானம் உச்சி வெயில்ல வலை நனைஞ்சு கெடக்குங்க. சொட்டுது. தொட்டு நாக்குல வச்சேன், உப்பு."

"பழைய உப்பு ஊறியிருக்கும்" என்றார் லிங்கராஜ். வாய் சொன்னதை மனசு நம்பவில்லை.

வியாழக்கிழமை எலுமிச்சை மரம் வலைக்கு வெளியே நின்றது.

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏங்க, வேலியை உள்ள தள்ளிக் கட்டுனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

அவர் தொடவே இல்லை. சவுக்குக் கம்புகளின் அடியைக் குனிந்து பார்த்தார். கடப்பாரையால் குழி தோண்டி நட்ட கம்புகள் ஆறடி உள்ளே வந்து நின்றன. பழைய இடத்தில் குழி இல்லை. புதிய இடத்தில் தோண்டிய மண் இல்லை. கரிசல் அதுபாட்டுக்கு வெடித்துக் கிடந்தது. இன்னொன்றையும் பார்த்தார். பின்சுவரின் இரண்டு மூலையிலும் மிச்ச வலை வந்து சேர்ந்திருந்தது. ஏனோதானோ என்று இல்லை, வரிசை வரிசையாக மடித்து அடுக்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகாமல் பின்வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். செல்வி முருங்கையடியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குக் காகம் கரைவது நின்றது. பாசி வாடையும் டீசல் வாடையும் கலந்து வீசியது. கடல் அங்கிருந்து வாடை எட்ட முடியாத தூரம்.

வலை விறைத்தது.

கம்புகள் கொஞ்சம் சாய்ந்தன. பிறகு நிமிர்ந்தன. மறுபடி சாய்ந்தன.

அப்போது அவருக்கு மூச்சுச் சத்தம் கேட்டது. பாரம் இழுக்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு. ஒரு இழுப்பு, ஒரு மூச்சு. ஒரு இழுப்பு, ஒரு மூச்சு.

சத்தம் தோட்டத்திலிருந்து வரவில்லை.

அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

லிங்கராஜ் எழுந்து செல்வியிடம் ஓடினார். படியில் யாரும் இல்லை. படி மட்டும் ஈரமாக இருந்தது.

சனிக்கிழமை அவர் தன் நம்பிக்கையை வெளியே எடுத்தார். கடையிலிருந்து கட்டிங் பிளேயர் வந்தது, கிரைண்டர் வந்தது, புது அரிவாள் வந்தது. ஆள் நுழையும் அளவுக்கு வலையை வெட்டினார். நைலான் சாதாரணமாகத்தான் அறுபட்டது. இதற்கா பயந்தோம் என்று தண்ணீர் குடிக்க உள்ளே போய்த் திரும்பினார். பொத்தல் இல்லை. பச்சை வலையில் அந்த இடம் மட்டும் நீல நூலால் தைத்திருந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அளவு, தேர்ந்த கை. நூலின் நுனியில் தண்ணீர் சொட்டியது. மறுபடி வெட்டிவிட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். செல்வி இருமினாள். திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடிக்குள் தைத்தாகிவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். ஈரத் துணியில் பற்றவைத்த மாதிரி நெருப்பு சுர்ரென்று அணைந்தது.

கடைசியாகக் கடப்பாரையை எடுத்துப் பின்சுவர்க் கொக்கியையே பெயர்த்தார். கொக்கி காரையோடு கையில் வந்தது.

வலை விழவில்லை.

பிடிமானம் ஏதும் இல்லாத அந்தரத்தில், ஒரு ஆளின் இடுப்பு உயரத்தில், வலையின் நுனி விறைத்து நின்றது.

லிங்கராஜ் கொக்கியைக் கீழே போட்டுவிட்டார். அவர் கடையில் இதற்கு மேல் சாமான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வியால் வீட்டுக்குள் வர முடியவில்லை. படியேறி அடுப்படிக்குள் கால் வைத்ததும் வாயைத் திறந்து திறந்து மூடினாள். நெஞ்சு ஏறி இறங்கியது, காற்று உள்ளே போகவில்லை. தோட்டத்துக்குக் கூட்டிப் போனதும் சரியாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவளை வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் போட்டார். தெருமுனை தாண்டுவதற்குள் உதடு நீலம் பாரித்து, வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. சீட்டெல்லாம் உப்பு. வண்டியைத் திருப்பி, திரும்பவும் தோட்டத்து மண்ணில் கொண்டுவந்து போட்டுவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"என்னய எங்கயும் கொண்டுபோவாதிய" என்றாள் செல்வி. "இங்கனதான் மூச்சு வருது."

திங்கட்கிழமை வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போன டாக்டர், ரத்தத்தில் உப்பு மிக அதிகம், சாப்பாட்டில் குறையுங்கள் என்று சாயங்காலம் போனில் சொன்னார். வேலி எப்படி நெருங்கி வருகிறது என்பதை லிங்கராஜ் அவரிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? ரம்யா போனில் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றபோது "அம்மா செடிக்குத் தண்ணி விடுதா, பொறவு பேசு" என்றார். செல்வி முருங்கையடியில் கட்டிலில் படுத்திருந்தாள். குளிக்காத தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. வலையை ஒட்டியிருந்த கீரைப் பாத்தியெல்லாம் கருகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அகத்தியும் வெளியே போய்விட்டது. மான்கள் காட்டோரத்திலேயே நின்றன. இத்தனை பச்சையும் வலைக்கு வெளியே திறந்து கிடந்தும் ஒன்றுகூட அதில் வாய் வைக்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும், பக்கத்துத் தோப்பில் வேலை பார்க்கும் செல்லக்கனியைச் செல்விக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, லிங்கராஜ் மணப்பாட்டுக்கு வண்டியை விட்டார்.

மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே மணல். டிக்சன் வள்ளத்துக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணாச்சி. மான் நின்னுச்சா?"

"டிக்சன், அது யாரு வலைப்பா?"

"குவியல்ல கெடந்ததுதான? பழசு, வேண்டாம்னு கழிச்சது."

"குவியல்ல எல்லாம் கந்தலா கெடந்துச்சு. செவுத்தோரம் ஒண்ணு நல்லாக் கெடந்துச்சு. அத எடுத்திட்டேன்."

டிக்சனின் பிரஷ் நின்றுவிட்டது.

"அதுமேல ஓலைக் குருசு வச்சிருந்தோமே."

"மிதிபடக் கூடாதுன்னு எடுத்துச் செவுத்துல சொருகி வச்சேன்."

டிக்சன் மணலில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"கிருபைன்னு எங்கூட ஒருத்தன் இருந்தான் அண்ணாச்சி. இழுக்கவும் கெட்டி, தைக்கவும் கெட்டி. வலை பாறையில மாட்டுச்சுன்னு எடுத்துவிடக் குதிச்சான். வரல்ல. மறுநாளு அதே வலையை இழுத்தோம். மீனோட மீனா வந்தான்."

"எப்பம்?"

"இன்னையோட நாப்பது நாளு. பொணம் ஏறுன வலையை நாங்க கட்டிக் குருசு வச்சிருவோம். நாப்பத்தொண்ணாம் நாளு பூசை கொடுத்துக் கரையில எரிச்சிருவோம். அதுவரைக்கும் விரிக்கப்படாது."

"விரிச்சா?"

"இழுப்பான். அவன் வேல அதான."

"என்னத்த இழுப்பான்?"

"உள்ள எது கெடக்கோ அத."

லிங்கராஜ் அவன் தோளைப் பிடித்தார். "செல்வி உள்ள நின்னா, டிக்சன். நான் கடைசி முடிச்சுப் போடும்போது அவ உள்ள நின்னா."

டிக்சன் அவர் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான்.

"அவனுக்கு என்னதான் வேணுமாம்?" என்று லிங்கராஜ் கேட்டார். "கேட்டுச் சொல்லு. எதுன்னாலும் கொடுத்திருதேன்."

"கடலுல செத்தவனுக்கு என்ன வேணும் அண்ணாச்சி? உசுரோட கரையேறணும். அத யாரு கொடுக்க?"

நாளைக்குக் கோயிலில் ஜெபம் சொல்லும் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு உச்சிக்கு முன்னால் வந்துவிடுவதாக அவன் சொன்னான். அதுவரை செல்வியை விட்டு நகர வேண்டாம் என்றும் சொன்னான்.

வியாழக்கிழமை காலையில் வலை ஒரு கட்டில் அகலத்துக்கு வந்துவிட்டது. பின்வாசற்படிக்கு முன்னால், மண்ணில், செல்வியும் அவளைச் சுற்றி வலையும்தான். இரண்டு பக்கமும் மடித்து அடுக்கிய வலை இடுப்பு உயரத்துக்கு நின்றது. லிங்கராஜ் வலையைத் தாண்டி உள்ளே போனார். அவர் போகவும் வரவும் அது தடுக்கவே இல்லை, அவர் அதன் கணக்கில் இல்லை. செல்வியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நா மண்ணு கேட்டிருக்கப்படாது" என்றாள் அவள்.

"நீ கேக்காம வேற யாரு கேக்க? கேட்டது தப்பில்ல."

"வெண்டையாவது மான் தின்னுட்டுப் போட்டும்னு விட்டுருக்கலாம்."

"ஆமாளா. விட்டுருக்கலாம்."

பதினொன்றரைக்கு டிக்சன் போன் செய்தான். ரயில்வே கேட்டில் நிற்கிறார்களாம். பதினொன்று ஐம்பதுக்கு லிங்கராஜ் போன் செய்தார். தூத்துக்குடியைத் தாண்டிவிட்டார்களாம். வெயில் நேர் மேலே ஏறியது. செல்வியின் நிழல் அவளுக்குள்ளேயே சுருங்கிவிட்டது.

காகம் நின்றது.

பாசி வாடை வந்தது.

லிங்கராஜ் இரண்டு கையாலும் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "விட்டுரு" என்று காலிப் படியைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, விட்டுரு. எனக்கு வேற யாரும் இல்ல."

ஒரு இழுப்பு, ஒரு மூச்சு.

வலை அவருடைய கை வழியாகப் போனது. கையில் எதுவும் படவில்லை. ஆனால் கைக்குள் இருந்த செல்வியின் மேல் கண்ணி கண்ணியாக அழுந்தியது. கன்னத்தில், கழுத்தில், கண்ணிமையில்.

ஒரு இழுப்பு, ஒரு மூச்சு.

அவர் பிடியிலிருந்து அவள் நழுவினாள். சேற்று மீன் நழுவுகிற மாதிரி நழுவினாள். சேலையைப் பிடித்தார், கையில் ஈரம்தான் மிஞ்சியது. அவள் படிக்குப் போய்ச் சேர்ந்தாள். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை லிங்கராஜ் சாகும்வரை மறக்க மாட்டார்.

பிறகு மூச்சுச் சத்தம் நின்றது.

வலை தொப்பென்று விழுந்தது. கையை வைத்தால் பொரிகிற காய்ந்த நைலான், வெறும் பழைய வலை.

படியில் கிடந்த செல்வி புரண்டு படுத்து, ஒரு கை நிறையத் தண்ணீர் கக்கினாள். நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். எழுந்து உட்கார்ந்து, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குள் போனாள். அவளுக்கு மூச்சு முட்டவில்லை. லிங்கராஜ் மண்ணில் விழுந்து கும்பிட்டார். எந்தச் சாமியை என்று அவருக்கே தெரியாது.

டிக்சனும் உபதேசியாரும் வந்தபோது மணி பன்னிரண்டே கால். உபதேசியார் ஜெபம் சொன்னார். வலையைக் காட்டோரம் இழுத்துப் போட்டுக் கொளுத்தினார்கள். ஐந்து நிமிஷத்தில் எரிந்து முடிந்தது. செல்வி பின்வாசலில் வந்து நின்று நெருப்பைப் பார்த்தாள். டிக்சன் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கிளம்பும்வரை தலையைத் தூக்கவே இல்லை. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னதற்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். செல்வி சமைத்தாள், துணி துவைத்தாள், சாயங்காலம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டாள். ரம்யாவிடம் போனில் பேசினாள், சுருக்கமாகப் பேசினாள். ஒரு மழை பெய்ததும் கருகிய பாத்தியில் கீரை முளைத்தது. அகத்தி ஆள் உயரத்துக்குத் தழைத்தது. வேலி கிடையாது, பாட்டில் கிடையாது, கந்தல் சேலைகூடக் கிடையாது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

மான் வரவில்லை.

முதல் வாரம் லிங்கராஜ் அதைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வாரம் விடிகாலையில் எழுந்து பார்க்கத் தொடங்கினார். மான்கள் காட்டோரத்தில் வந்து நின்றன. செல்வி கோலம் போடப் போனால் வாசல் பக்கம் தலை திரும்பியது. கொல்லைக்கு வந்தால் கொல்லைப் பக்கம் திரும்பியது. அவள் நிற்கும் இடத்தை விட்டு அந்தக் கண்கள் அகலவே இல்லை.

மூன்றாவது வாரம் அவர் அகத்திக் கொப்புகளை வெட்டிக் காட்டோரத்தில் கொண்டுபோய்ப் போட்டார். கடையிலிருந்து வரும் வழியில் வெண்டைக்காய் வாங்கி வந்து தூவினார். மானை விரட்டத் தலையால் தண்ணீர் குடித்த மனிதர், மான் வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டார். ஒரே ஒரு மான் ஒரே ஒரு தடவை உள்ளே வந்து ஒரு வாய் தின்றால் போதும். அது செல்விதான் என்று அவர் நம்பிவிடுவார். அப்புறம் நிம்மதியாகத் தூங்குவார். ஒரு மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்துத் தலையணை காலையில் எப்போதும் நனைந்திருந்தது.

நேற்று சாயங்காலம் ஒரு குட்டி வந்தது. கூட்டத்திலிருந்து பிரிந்து, நின்று நின்று, எலுமிச்சையைத் தாண்டி வந்தது. லிங்கராஜ் தரையில் குந்தியிருந்தார். கையில் அகத்திக் கொழுந்து. மூச்சைக்கூட மெதுவாக விட்டார். குட்டி கழுத்தை நீட்டியது. அதன் நாக்கு அவர் விரலில் பட்டது, சூடாக இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தின்னு, தின்னு என்று மனசுக்குள் கெஞ்சினார்.

குட்டி தலையை நிமிர்த்தியது. அவர் தோளுக்கு மேலே எதையோ பார்த்தது. அதன் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அப்புறம் அது அங்கே இல்லை. காட்டோரத்தில் நின்ற மற்றவையும் இல்லை.

அவர் தோளில் ஒரு கை விழுந்தது. சட்டை அந்த இடத்தில் சில்லென்று நனைந்தது. பாசி வாடை அடித்தது.

இருபது வருஷமாகச் செல்வி அவரை ஏங்க, என்னங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். குரல் அவளுடையதுதான்.

"சோறு ஆறுது. உள்ள வாங்க அண்ணாச்சி."

லிங்கராஜ் எழுந்து, கையிலிருந்த கொழுந்தைக் கீழே போட்டுவிட்டு, அவள் பின்னால் போனார். வேறு எங்கே போவார்.